அஞ்சு லிட்டர் டப்பாவும் நீ சொன்ன வார்த்தையும்

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முன்பே சொன்னவன், மச்சான். யாரிடம் சொன்னேன், எப்போது சொன்னேன் என்று கேட்காதே. சொன்னேன். எங்கள் அயனம்பாக்கம் அடுக்ககத்து வாட்ச்மேனைக் கேட்டால்கூட ஆமாம் சார், சொன்னீங்க என்பான். நான் எதைச் சொன்னாலும் ஆமாம் சார் என்கிற ஆள்தான் அவன். அது வேறு விஷயம்.

இப்போது சனிக்கிழமை மத்தியானம். முத்தாபுதுப்பேட்டையில் உன் வீட்டிலிருந்து திரும்பி ஒரு மணி நேரம் ஆகிறது. சட்டையைக் கழற்றி வாளியில் சோப்புத்தூள் போட்டு ஊற வைத்திருக்கிறேன். தண்ணீர் மேலே எண்ணெய் படர்ந்து பச்சையும் ஊதாவுமாக மினுக்குகிறது. கருகிப்போன இன்ஜின் ஆயில் நாற்றம். கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன், சீயக்காய் போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தேன். விரலை மோந்து பார்த்தால் இன்னும் குமட்டுகிறது. சாப்பிட உட்கார்ந்தேன், ரசம் சாதத்திலும் அதே நாற்றம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் கார் புகைந்துவிட்டது, மச்சான். நீ பதினெட்டு வருஷம் உன் கையால் ஆயில் மாற்றி ஓட்டிய அந்த வெள்ளைச் சின்ன கார். நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு ஆள் வந்து அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போகப் போகிறான். உன் மைத்துனன் பழனி எட்டு மாதமாக விற்கலாம் விற்கலாம் என்று குடைந்துகொண்டிருந்தான். உன் மகள் நித்யா முடியவே முடியாது என்று நின்றாள். இன்று காலை அவளே, “சரி மாமா, எடுத்துக்கச் சொல்லுங்க” என்றாள். ஏன் தெரியுமா? நீ இத்தனை வருஷமாக அந்த இன்ஜினைக் கெடுத்துக்கொண்டே இருந்தாய் என்று அவள் நம்பிவிட்டாள். அதுதான் எனக்குச் சோற்றில் நாறுகிறது.

ஆயில் விஷயத்தில் நான் யார் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீ சிரிப்பாய், ஆனாலும் தெரியும். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் ஸ்டோர் பார்த்தேன். டிப்ளமா படித்தவன், டிகிரி படித்தவன் எல்லாம் என் மேசைக்கு முன்னால் வந்து, அண்ணே, இந்த மெஷினுக்கு எந்த ஆயில் என்று நின்றிருக்கிறார்கள். மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுப்பேன், சொல்லிவிடுவேன். ஆவடியில் ஒரு முறை ராணுவ லாரி ஒன்று நடுரோட்டில் நின்றுபோனது. நான் சைலன்சர் பக்கம் போய் மோந்துவிட்டு, ஆயில் மாற்றி மூன்று மாதம் தாண்டிவிட்டது என்றேன். உள்ளே இருந்த அதிகாரி இறங்கி வந்து எனக்குச் சல்யூட் அடித்தார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீ ஒருமுறைகூட இல்லை என்று சொன்னதில்லை. டீயை ஊதிக்கொண்டே, “ரெண்டு கையாலயும் சல்யூட் அடிச்சாரு” என்றாய். அந்த மனசு யாருக்கு வரும்?

உனக்கு ஆவடியில் டேங்க் பாக்டரி வேலை. ராணுவத்துக்கே கனரக வண்டி செய்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு, வீட்டில் சின்ன காரைக் குழந்தை மாதிரி வைத்திருந்தாய். ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு என்றால் உன் வீட்டு வாசலில் ஆயில் மாற்றுகிற நாள். பூஜைக்கு எல்லோரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். வயிற்றில் கரியை வைத்துக்கொண்டு நெற்றியில் பொட்டு வைத்தால் என்ன அர்த்தம் என்பது உன் கொள்கை. இல்லை, அது என் கொள்கையா? இரண்டில் ஒன்று.

முன்சக்கரம் இரண்டையும் பலகை மேல் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கருங்கல் முட்டுக்கொடுப்பாய். ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட்டிச் சூடாக்குவாய். அப்புறம் சாக்கு விரித்துக் கீழே நுழைந்துவிடுவாய். நான் ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை. நம்ம வேலைப் பங்கீடே அப்படித்தான். நீ போல்ட்டைப் பிடித்துக்கொண்டு முக்குவாய், நான் மேலிருந்து உத்தரவு கொடுப்பேன்.

“மச்சான், இடது பக்கம் திருப்பு.”

“இடது பக்கம்தான் திருப்பிகினு கீறேன். நீ டீயக் குடி.”

“சூடா ஊத்தும், மூஞ்சிய நவுத்து.”

“நீ பேசறத நிறுத்தினா ஆயிலு தானா வந்துடும், மாமே. உன் சத்தத்துக்குப் பயந்துகினுதான் உள்ளயே ஒக்காந்துகினு கீது.”

தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரி, உள்ளே இருந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். பழைய ஆயில் கருப்பாக, தார் மாதிரி இறங்கும். அந்த நாற்றம் எனக்கு அப்போதே ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி பேசுவேன். நீயோ அதை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, சாம்பாருக்கு உப்பு பார்க்கிற மாதிரி பார்ப்பாய். ச்சீ என்பேன். “இன்ஜினு சொல்ற கதை இதுலதான் கீது” என்பாய்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. காரின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாய். நெற்றியில் ஒரு கருப்புக் கோடு. வலது கையில் ஸ்பேனர். அதை மேடைப் பேச்சாளர் மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு, “மாமே, டப்பாவத் தொறந்தா காலி பண்ணிடணும். மிச்சம் வெச்சா அது ஆயிலு இல்ல, கசடு” என்றாய். தெருவில் போன காய்கறி வண்டிக்காரன்கூட நின்று கேட்டான். ஒரு கைப்பிடி கொத்தமல்லி இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஊரில் இன்று ஆயில் டப்பா வாங்குகிற லட்சணத்தைப் பார்த்தால் உனக்கு வாந்தி வரும். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பையன். திருநெல்வேலிப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், நல்ல தாடி. பைக் வைத்திருக்கிறான். அந்த பைக் குடிப்பது ஒரு லிட்டருக்கும் கம்மி. அதற்கென்றே தொள்ளாயிரம் மில்லி டப்பா கடையில் இருக்கிறது. இவன் போனைத் தடவி ஐந்து லிட்டர் டப்பாவை வரவழைத்தான். அதுவும் காருக்கு ஊற்றுகிற ஆயில். பைக்கில் கிளட்ச் தட்டே அந்த ஆயிலுக்குள்தான் முங்கிக் கிடக்கிறது, அதற்கென்று தனி ஆயில் என்று நான் மாடிப்படியில் நின்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். காதில் ஒரு குமிழை மாட்டிக்கொண்டு தலையாட்டினான். மறுநாள் கிளட்ச் வழுக்கி, கியர் போட்டால் வண்டி உறுமுகிறதே தவிர நகரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தான்.

மிச்சம் நாலு லிட்டர் மாடிப்படிக்குக் கீழே ஆறு மாதம் கிடந்தது. மூடி அரைகுறை. மழைத்தண்ணீர் சொட்டி, தூசி படிந்து, கடைசியில் ஒரு பல்லி விழுந்து செத்து, மேலே மிதந்தது. நான் தெரியாமல் மூடியை எடுத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மச்சான், அன்றைக்கு முழுக்க எனக்குக் காபிகூட இறங்கவில்லை.

இரண்டாவது மாடி ஆள் அதைவிட மேல். பழைய கருப்பு ஆயிலை அப்படியே மழைநீர்க் கால்வாயில் கவிழ்த்தான். அது எங்கே போகும்? ஏரிக்குத்தான் போகும். சாயங்காலம் இவனே ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போய், காற்று எவ்வளவு சுத்தம் என்று படம் எடுத்து அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். நான் குழுவில் நாலு பக்கத்துக்கு எழுதினேன். பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவன் கும்பிடு போட்டான். கால்வாயில் இன்னும் அந்தக் கருப்பு வழவழப்பு இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில், நித்யா என்னிடம் கேட்டாள் என்பதே எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் முன்னால் போன் பண்ணினாள்.

“மாமா, இந்த வருஷம் நமக்கு ஆயுத பூஜை கிடையாது இல்ல?”

“அப்பா போயி வருஷம் திரும்பலியேம்மா. பண்டிகை எதுவும் கூடாது.”

“பூஜைதான் கூடாது. ஆயில் மாத்தலாம் இல்ல?”

நீ இறந்துபோன வருஷத்தில் பொட்டு வைக்க முடியாது, எலுமிச்சம்பழம் நசுக்க முடியாது, பொரி கடலை கிடையாது. ஆனால் வண்டியின் அடியில் படுத்து போல்ட்டைத் திருப்பக் கூடாது என்று எந்த ஐயரும் சொல்லவில்லை. அந்த ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள் உன் பெண். மெக்கானிக்கிடம் விடமாட்டேன், அப்பா செய்த மாதிரி நானே செய்வேன் என்றாள். போனில் படம் பார்த்துக் கழற்றுவது, மாட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டாளாம். ஒரே ஒரு சந்தேகம்தான்.

“ஆன்லைன்ல பாத்தா ஒரு லிட்டர், மூணு, மூணரை, அஞ்சுன்னு விதவிதமா டப்பா வருது மாமா. வண்டியோட புக்கு கிடைக்கல. அப்பா எந்த டப்பா வாங்குவாரு?”

“அஞ்சு லிட்டர்” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அஞ்சும் ஊத்திடறதா? சின்ன வண்டியாச்சே மாமா.”

“உங்கப்பா என்ன சொல்வாரு தெரியுமா? டப்பாவத் தொறந்தா காலி பண்ணிடணும். மிச்சம் வெச்சா அது ஆயிலு இல்ல, கசடு.”

மெதுவாக, “அப்பா சொல்ற மாதிரியே இருக்கு மாமா” என்றாள். எழுதி வைத்துக்கொண்டாளாம். சமையலறைக் காலண்டரில்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊற்றினாள். ஐந்து லிட்டரையும், கடைசிச் சொட்டு வரைக்கும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தாளாம், மேல் கோட்டைத் தாண்டி வழிந்ததாம். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துடைத்துத் திரும்பச் செருகிவிட்டாள். திங்கட்கிழமை ஆபீஸ் போகும் வழியில் பின்னால் நீலப் புகை. எனக்குத்தான் போன் பண்ணினாள். புது ஆயில், கொஞ்சம் புகையத்தான் செய்யும், நாலு நாள் ஓட்டு, அடங்கிவிடும் என்றேன். நாலு நாள் ஓட்டினாள். அடங்கவில்லை. நேற்று வீட்டு வாசலில் வந்து நிறுத்தியபோது தெருவே தெரியவில்லையாம். எதிர்வீட்டுக்காரர் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாராம்.

இன்று காலை நான் போனபோது மெக்கானிக் வந்திருந்தான். முத்தாபுதுப்பேட்டை திருப்பத்தில் பட்டறை வைத்திருக்கிறானே, வாயில் எப்போதும் பாக்கு, அவன்தான். பழனி வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். தங்கச்சி கதவோரம். நித்யா கண் சிவந்திருந்தது.

மெக்கானிக் அளவுக் கம்பியை உருவினான். நுனியிலிருந்து பாதி உயரத்துக்கு, பால் ஊற்றிய காபி நிறத்தில் நுரை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “தட்டு புடி, அண்ணாத்தே” என்றான் என்னைப் பார்த்து. வாழ்க்கையில் முதல்முறையாக உன் காருக்கு அடியில் நான் தட்டைப் பிடித்தேன். வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. என் சட்டையில், என் முழங்கையில், என் கால் கட்டைவிரல் இடுக்கில்.

“எவ்ளோ ஊத்தினீங்க?” என்றான் மெக்கானிக்.

“அஞ்சு லிட்டர்” என்றாள் நித்யா.

“அஞ்சா? இன்னாம்மா, இத்த லாரின்னு நெனச்சிகினியா? பில்டரோட சேத்தாலும் மூணு சொச்சந்தான் இது குடிக்கும். மிச்சத்த உள்ள கிராங்கு போட்டு மோர் கடைஞ்சிகினு கீது. ஏர் பில்டரு பூரா ஆயிலு. ஆயிலு ஒழுகாம தடுக்கற பின் சீலு பிச்சிகினு போச்சு.” பாக்கை ஓரமாகத் துப்பிவிட்டுக் கேட்டான். “எவன் சொன்னான் அஞ்சு ஊத்துன்னு? அவன் கைய உடைக்கணும்.”

நித்யா தரையைப் பார்த்துக்கொண்டு, “எங்கப்பா அப்படித்தான் ஊத்துவாரு” என்றாள்.

மெக்கானிக் எழுந்து நின்றான். துணியில் கையைத் துடைத்தான். “நைனாவா? அவரா? வருசா வருசம் அஞ்சு ஊத்திகினு இருந்தா இந்த வண்டி பதினெட்டு வருசம் ஓடிருக்குமா? மொத வருசமே செத்துருக்கும்.”

பழனி விடுவானா? “அதெல்லாம் பழைய காலத்து ஆளுங்க. கண்ணு மண்ணு தெரியாம ஊத்துவாங்க. டேங்க் பாக்டரில டேங்குக்கு ஊத்தற மாதிரி ஊட்லயும் ஊத்திட்டாரு போல” என்று சிரித்தான். செத்தவனைச் சொல்லிச் சிரிக்கிற அந்தப் பல்லைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

“சீல் மாத்தினா ஓடுமா?” என்று தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

“ஓடும்க்கா. இன்ஜினு தப்பிச்சிகிச்சி. இந்த ஒரு வாட்டிதான்னா ஒண்ணியும் ஆவல.”

“ஒரு தடவை இல்லையே” என்றாள் நித்யா. “அப்பா ஒவ்வொரு வருஷமும் இதைத்தான் பண்ணியிருக்காரு. உள்ள என்னென்ன போயிருக்கோ. சீல் மாத்திட்டு நாளைக்கு வேற ஏதாவது போகும்.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “அப்பாவுக்கு இதுகூடத் தெரியாதா மாமா? அவ்வளவு பெரிய பாக்டரில வேலை பாத்தாரு. நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன்.”

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த வாய்தான் சொன்னது. “பாவம்மா, கடைசி காலத்துல கொஞ்சம் மறதி வந்துடுச்சு அவருக்கு.”

அதற்குப் பிறகுதான் அவள் பழனியைப் பார்த்து, எடுத்துக்கச் சொல்லுங்க என்றாள்.

கை கழுவ உன் வீட்டுப் பின்பக்கம் போனேன். குழாய்க்கு மேலே நீ சாமான் வைக்கிற மரப்பலகை அப்படியே இருக்கிறது. புனல், பழைய பனியன் துணி, பதினேழாம் நம்பர் ஸ்பேனர். அதற்குப் பின்னால் மூன்று லிட்டர் காலி டப்பா ஒன்று, சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. அதன் பக்கத்தில் ஒரு லிட்டர் டப்பா. அதைத் தூக்கினேன். பாதிக்கு மேல் ஆயில் இருந்தது. மூடியின் மேல் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி ரப்பர் பேண்டு. டப்பாவின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளை டேப். அதில் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் உன் கையெழுத்தில் மாதம். புரட்டாசியில் ஒரு கோடு. ஐப்பசியில் ஒரு கோடு. மார்கழியில் ஒரு கோடு. அவ்வளவுதான். அதற்கு மேல் கோடு இல்லை, தை முடிகிறபோது நீ போய்விட்டாய்.

நின்றபடியே புரிந்துவிட்டது எனக்கு. இதற்கு எட்டாம் வகுப்புப் போதும். மூன்று லிட்டர் டப்பா ஒன்று, ஒரு லிட்டர் டப்பா ஒன்று வாங்குவாய். மூன்றையும் ஊற்றிவிட்டு, ஆயில் கீழே இறங்கும் வரைக்கும் காத்திருந்து, கம்பியைப் பார்த்து, சின்ன டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்குக் கொண்டு வருவாய். மிச்சத்தைத் தூசி போகாமல் கட்டி வைத்துக்கொண்டு, வருஷம் முழுக்கக் குறையக் குறைய இரண்டு மூடி, மூன்று மூடி ஊற்றி, எவ்வளவு ஊற்றினாய் என்று கோடும் போட்டிருக்கிறாய். மிச்சம் வைப்பதற்காகவே வாங்கின டப்பா அது.

தங்கச்சி பின்னால் வந்துவிட்டாள். “என்னண்ணே அது?”

“குப்பைம்மா. நான் போடறேன்” என்று என் பையில் வைத்துக்கொண்டேன்.

குப்பை என்று சொன்னேன், மச்சான். உன் கையெழுத்தை. பல்லி மிதந்த டப்பாவை மோந்தபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை. கால்வாயில் ஆயில் கவிழ்க்கிறவனைத் திட்ட நாலு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, அந்த வாசலில் நாலு வார்த்தை வரவில்லை. பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் ஆயில் நாற்றத்துக்குத்தான் போனாள், எனக்குத் தெரியும். ஆனாலும் சரியான ஆளைப் பார்த்துத்தான் பொத்தினாள் என்று தோன்றியது.

நாளைக் காலை எட்டு மணிக்கெல்லாம் நான் முத்தாபுதுப்பேட்டையில் இருப்பேன். இழுத்துக்கொண்டு போகிறவன் வருவதற்குள் இந்த மடலையும் அந்த ஒரு லிட்டர் டப்பாவையும் நித்யா கையில் கொடுத்துவிடுவேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் என் வாயை எனக்குத் தெரியும். பாதியில் அதற்கொரு சல்யூட் சேர்த்துவிடும். எழுதினால் அப்படியே நிற்கும். அதனால் உனக்கு எழுதுகிறேன் என்று பேர் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காரின் அடியிலிருந்து நீ தலையை நீட்டவில்லை. ஸ்பேனரைத் தூக்கி ஆட்டவில்லை. காய்கறி வண்டிக்காரன் இல்லை, கொத்தமல்லி இல்லை. நித்யா போனில் கேட்ட அன்று எந்த டப்பா என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். பதினெட்டு வருஷம் ஸ்டூல் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன். நீ ஊற்றுகிற நேரம் வரும்போதெல்லாம் நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். உன் கையில் என்ன டப்பா இருந்தது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. உன் பெண்ணிடம் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் ஸ்கூட்டருக்கு நான் செய்கிற சோம்பேறி வேலை அது, திறந்த டப்பாவை அப்படியே கவிழ்ப்பது. நான் சொன்னால் கேட்பாளோ மாட்டாளோ என்று உன் பேரில் சொன்னேன். உன் பேரில் சொன்னதால்தான் அளவுக் கம்பியைக்கூட நம்பாமல் ஊற்றினாள்.

நீ நிஜமாகவே ஆயிலைப் பற்றி என்ன சொன்னாய் என்று வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். இன்ஜின் கதை சொல்கிறது என்று ஒரு பேச்சு. என்னை டீ குடிக்கச் சொன்னது ஒரு பேச்சு. அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நானே பேசியிருக்கிறேன்.

காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாயே, நித்யா, அதை அடித்துவிடு. உன் அப்பா அப்படிச் சொன்னதே இல்லை. அது மாமா கட்டின கதை.